ஆறு கொம்பனும் வட்டை விதானையும்

வா மருமகன். செருப்பைக் கழட்டிட்டு உள்ளுக்கு வா. அந்தப் பெட்டிய நெஞ்சோட அணைச்சிக்கொண்டு நிக்கிறதப் பார்த்தா, மண்டூர்த் திருவிழாவில தொலைஞ்ச புள்ளயக் கண்டெடுத்த மாதிரிக் கிடக்கு. இறக்கி வை. மாமி தேத்தண்ணி ஊத்துறா.

டவுனுக்குப் போயே வாங்கிட்டாய், என்ன? 2014ல மண்முனைப் பாலம் திறக்க முன்னமெண்டா, துறையில பாதைப் படகுக்குக் காத்து நிண்டு, அங்க நிக்கிற நாலு பேரிட்ட யோசனை கேட்டு, வாங்குற ஆசையில அரைவாசி அங்கயே ஆறியிருக்கும். பாலம் வந்தது நல்லதுதான் மனே. ஆனா அக்கரைக்குப் போக முன்னம் யோசிக்கக் கிடைச்ச அரைமணித்தியாலம் பாலத்தோட போயிற்று.

சரி, திற பாப்பம். ஒண்டு, ரெண்டு, மூண்டு... ஆறு. ஆறு கொம்பு! நம்மட பட்டியில உள்ள கிடா எருமைக்கே ரெண்டுதான். நல்ல கறுப்பு, நல்ல மினுக்கம். சாமியறையில வச்சாக் கும்பிடலாம்.

சிம்மை எங்க போடுற?

திருப்பிப் பார். அடியில பார். பக்கத்தில மூடி ஏதும் கிடக்கா?

இல்லையா?

ம். தேத்தண்ணியக் குடி, ஆறப்போகுது.

கடைக்காரனில பிழை சொல்லாத. அவன் கட்டாயம் கேட்டிருப்பான், "தம்பி, வீட்டுக்கு என்ன லைன் வருகுது?" எண்டு. நீ "ஸ்பீடா ஒண்டு தாங்க" எண்டிருப்பாய். அவன் பெட்டியிலயே பெரிய பெட்டியத் தந்திருப்பான். தலையாட்டாத, எனக்குத் தெரியும். உன்ட அம்மாவும் இப்பிடித்தான், என்ட தங்கச்சிதானே. சீலைக் கடைக்குப் போனா கரையப் பார்த்து எடுப்பா. வீட்ட வந்து விரிச்சாத்தான் ஆறு முழம் எண்டு தெரியும்.

ரவுட்டர் எண்டா என்ன எண்டு உன்னட்டக் கேட்டா ஏதோ சொல்லுவாய், எனக்கு விளங்காது. நான் சொல்றன் கேள். ரவுட்டர் எண்டா வட்டை விதானை. உன்னிச்சைக் குளத்தால வாய்க்காலுக்குத் தண்ணி வருகுது. எந்த வயலுக்கு முதல் விடுற, எந்த வயலுக்கு மறுகா விடுற, ஆர் களவா வக்கடைய வெட்டினது, இதெல்லாம் பார்க்கிறவர் விதானை. கெட்டிக்கார விதானையெண்டா கடைசி வயலுக்கும் தண்ணி போகும். சோம்பேறி விதானையெண்டா மதகடி வயல் மட்டும் பச்சையா நிக்கும். ஆனா குளம் வத்திக் கிடக்கக்குள்ள விதானைக்கு ஆறு தலைப்பாகை கட்டி விட்டாலும் வயலுக்குத் தண்ணி வராது. நீ காசு குடுத்து வாங்கினது விதானைய. தண்ணி வேற ஆளிட்ட இருக்கு, அதுக்கு மாசா மாசம் வேற காசு.

நம்மட பக்கம் தண்ணி வாற வாய்க்கால் நாலு இருக்கு. ஒண்டு பழைய டெலிபோன் செப்புக் கம்பி. ரெண்டாவது ஃபைபர், கண்ணாடி நூல். அதைக் கொண்டுவந்து பூட்டுறவனே தன்ட பெட்டியையும் தருவான், அந்தப் பெட்டிக்குள்ளயே வைஃபையும் கிடக்கும், சின்ன வீட்டுக்கு வேற ஒண்டும் வாங்கத் தேவையில்ல. மூண்டாவது டவரால வாற 4ஜீ. இந்தப் படுவான்கரையில நமக்கு வாய்ச்சது அதுதான், எஸ்எல்டி-மொபிட்டலோ டயலொக்கோ, ஒரு சிம் போட்ட பெட்டி. நாலாவது 2025 ஜூலையில இருந்து ஸ்டார்லிங்க், வானத்தால நேரா முத்தத்துத் தட்டுக்கு இறங்குது. அது காணிபூமி உள்ள போடிமாருக்கு, இப்ப விடு. இந்த வாய்க்கால்களுக்கு வாய் வேற வேற. டெலிபோன் கம்பிக்குச் சின்ன ஓட்டை, வேற பெட்டியால வாற கேபிளுக்குக் கொஞ்சம் பெரிய ஓட்டை, சிம்முக்கு ஒரு கீறல். கடையில முதல் ஓட்டையப் பார்க்க வேணும் மருமகன், மறுகாத்தான் கொம்ப எண்ணுற. எருமை வாங்கக்குள்ள கொம்பையா பார்க்கிற, மடியத்தானே?

பெட்டியில என்ன எழுதியிருக்கு, வாசி. ஏஎக்ஸ் 1800. ஆகா! ஆயிரத்தெண்ணூறு எண்டதும் உன்ட கண் விரிஞ்சிருக்கும். அது எப்பிடி வந்த கணக்குத் தெரியுமா? 2.4 கிகாஹெர்ட்ஸ் அலையில 574 எம்பிபிஎஸ், 5 கிகாஹெர்ட்ஸ் அலையில 1201. ரெண்டையும் கூட்டு. 1775 வரும். கொஞ்சம் ஏத்திவிட்டு 1800 எண்டு அடிச்சிருக்கிறான். உன்ட போன் ஒரு நேரத்தில ஒரு அலையிலதான் நிக்கும், அந்த ரெண்டும் சேர்ந்து எந்த ஒரு போனுக்கும் வராது. அந்த 1201கூட ஆய்வுகூடத்துக் கணக்கு. சீதனப் பட்டியலில பசுவ ஒண்டு, கண்ட ஒண்டு, கறக்கப்போற பால ஒண்டு எண்டு தனித்தனியா எழுதுவாங்களே, அந்த வித்தைதான். நம்மட டவரால வாறது முப்பதோ நாப்பதோ. மதகு அகலமாத்தான் இருக்கு, வாய்க்கால் ஒடுக்கம்.

முகத்தத் தொங்கப் போடாத. ஆறு கொம்பனத் திருப்பிக் குடுக்கத் தேவையில்ல, அவனுக்கு ஒரு வேலை வச்சிருக்கிறன். முதல் அந்த டீவிக்குப் பின்னால கிடக்கிற பழைய சிம் பெட்டிய எடு. பல்லி முட்டை கிடந்தா ஊதி விடு, எறும்பு கிடந்தாத் தட்டி விடு. சூடான பெட்டியெண்டா இந்த ஊர்ச் சீவராசியெல்லாம் அதுக்குள்ளதான் குடித்தனம் நடத்தும்.

சிம் பெட்டிய எங்க வைக்கிற எண்டதில ஒரு சூட்சுமம் இருக்கு. போனைக் கைல எடு. அந்தப் பெட்டிட அடிவயித்தில ஒரு தாள் ஒட்டியிருக்கும், அதில ஒரு இலக்கம் கிடக்கும், 192.168 எண்டு தொடங்கும். அதை அடிச்சு உள்ளுக்குப் போனா சிக்னல் எவ்வளவு எண்டு காட்டும். மைனஸ் போட்டுத்தான் காட்டும். பயப்பிடாத. அது கடன் மாதிரி, குறைய இருந்தா நல்லம். மைனஸ் 80 எண்டா நிம்மதியா நித்திரை கொள்ளலாம். மைனஸ் 110 எண்டா நம்மட சங்கக் கடைக் கொப்பி மாதிரி, திறந்து பார்க்கவே மனம் வராது.

முதல் பழைய இடத்திலயே, டீவிக்குப் பின்னால வச்சுப் பார். என்ன காட்டுது? மைனஸ் 109. இப்ப கிழக்கு யன்னலுக்குக் கொண்டு வா, வாவியப் பார்த்த யன்னல். 86? பார்த்தியா! பெட்டி அதே பெட்டி, சிம் அதே சிம். அக்கரை டவருக்கும் இந்த யன்னலுக்கும் நடுவில மரமும் இல்ல, மதிலும் இல்ல, வெறும் தண்ணி. 56 கிலோமீற்றர் நீளத்துக்குக் கிடக்கிற வாவி இத்தனை வருசமும் நம்மள டவுனில இருந்து பிரிச்சு வச்சதுக்கு இப்பதான் ஒரு நட்டஈடு குடுக்குது.

இதில ஒரு கதை கிடக்கு. 1848ல எமர்சன் டெனன்ட் எண்டு ஒரு துரை, கொழும்பு அரசாங்கத்தில பெரிய ஆள், மட்டக்களப்புக்கு வந்து ராவில வள்ளத்தில போய், வாவிக்குள்ள மீன் பாடுது எண்டு சொல்ற பாட்டக் கேட்டிருக்கிறார். ஈரவிரலால கண்ணாடிக் கிண்ணத்து விளிம்பத் தேய்ச்சா வாற சத்தம் மாதிரி எண்டு எழுதி வச்சிருக்கிறார். வள்ளத்து மரத்தில காத ஒட்டினா இன்னும் பலத்துக் கேட்டதாம். இதை நம்மட ஆக்களும் செய்வாங்கள், துடுப்பத் தண்ணிக்குள்ள விட்டு மற்ற நுனியக் காதில வச்சு. கல்லடிப் பாலத்தில சும்மா நிண்டு "மீனும் பாடல்ல ஒண்டும் பாடல்ல" எண்டு திரும்பிப் போறவன் இருக்கானே, நீ இவ்வளவு நாளும் டீவிக்குப் பின்னால பெட்டிய வச்சிட்டு டவர்க்காரனத் திட்டினது அந்தச் சாதி.

ஆனா யன்னலில வச்சா ஒரு தொல்லை. டவருக்கு நல்லம், வீட்டுக்குக் கெடுதி. வைஃபை பாதி வாவிக்குள்ள போயிரும், நண்டு வீடியோ பார்க்கும். இங்கதான் உன்ட ஆறு கொம்பனுக்கு உத்தியோகம். சிம் பெட்டி யன்னலில நிக்கட்டும். அதில இருந்து ஒரு கேட் சிக்ஸ் கேபிள் கூரை மரத்தோட இழுத்து, ஆறு கொம்பன நடுவீட்டில நிப்பாட்டு. நூறு மீற்றர் வரைக்கும் இழுக்கலாம், இது பன்னிரண்டு மீற்றர் வருமா? கேபிளுக்குப் பஞ்சிப்பட்டு ரிப்பீட்டர் எண்டு ஒரு குட்டிப் பெட்டி வாங்குறவங்களும் இருக்கிறாங்கள். மலிவான ரிப்பீட்டர் ஒரு வாயும் ஒரு காதும் உள்ள ஆள். கேட்டு முடிச்சுத்தான் சொல்லும். அதால வேகம் பாதியாப் போகும். கல்யாணச் செய்திய அடுத்த ஊர்க் கிழவிட்டச் சொல்லி அனுப்புற மாதிரி.

ஒண்டு மட்டும் மறந்திராத. ஆறு கொம்பனுக்குள்ள போய் "ஆக்சஸ் பொயின்ட்" எண்டு இருக்கிறதத் தட்டி விடு. இல்லாட்டி அதுவும் தன்ன விதானை எண்டு நினைச்சுக்கொள்ளும். ஒரு வட்டைக்கு ரெண்டு விதானை கூடாது மனே. சிம் பெட்டியும் போனுகளுக்கு இலக்கம் குடுக்கும், இவனும் தனக்குத் தெரிஞ்ச ஒரு இலக்கத்தக் குடுப்பான். மறுகா பிரிண்டர் ஒரு விதானைட பக்கம், உன்ட போன் மற்ற விதானைட பக்கம், ஒருத்தர ஒருத்தர் காணமாட்டாங்கள். யன்னலில நிக்கிறவர் விதானை, நடுவில நிக்கிறவர் வக்கடை வெட்டிற கூலியாள். கொம்பு ஆறு இருந்தாலும் அவர் கூலியாள்தான்.

கொம்பப் பத்திச் சொல்லத்தானே வேணும். ஏன் எல்லாத்தையும் ஆறு பக்கம் விரிச்சு வச்சிருக்கிறாய், நண்டு கவிழ்ந்து கிடக்கிற மாதிரி? நீ நினைக்கிறாய், கொம்பு நுனியால சிக்னல் பீச்சியடிக்குது எண்டு. இல்ல. உளுந்து வடை தெரியும்தானே, நடுவில ஓட்டை. அந்த ஓட்டைக்குள்ள கொம்பச் சொருகினா வடை எப்பிடிச் சுத்தி நிக்குமோ, அப்பிடித்தான் சிக்னல். நுனியிலயும் அடியிலயும் ஒண்டும் இல்ல, பக்கவாட்டிலதான் எல்லாம். நம்மட வீடு மாடியில்லாத வீடு. கொம்ப நிமித்தி வை, வடை பாயா விரியும். மாடி வீட்டுக்காரன் ஒண்டு ரெண்டச் சரிச்சு வைக்கலாம், வடை நிமிந்து மேல் வீட்டுக்கும் போகும்.

இன்னொண்டு, இந்தச் சுவர். 1978 கார்த்திகைச் சூறாவளியில பழைய வீட்டுக் கூரை வயலுக்குள்ள போய்க் கிடந்தது. மறுகா மாமிட தகப்பன், இனி எந்தக் காத்து வந்தாலும் அசையக் கூடாது எண்டு ஒன்பது அங்குலச் செங்கல் சுவர் எழுப்பினார். காத்து அசைக்கல்ல, அது உண்மை. வைஃபையையும் அசைய விடுதில்ல. 2.4 அலை ஒண்டு அஞ்சு அங்குலத்துக்குக் கிட்ட நீளம், சுவரைப் பார்த்தா முக்கி முனகி எண்டாலும் அங்கால போயிரும். அஞ்சாம் நம்பர் அலை அதில பாதி நீளம், வேகக்காரன், ஆனா ரெண்டாவது சுவரோட சுருண்டிருவான். மாட்டு வண்டியும் உன்ட மோட்டார் சைக்கிளும் மாதிரி வச்சுக்கொள். தார் றோட்டில நீ முந்துவாய், மாரியில வயல் வழிய மாட்டு வண்டிதான் வீடு வந்து சேரும். அதால, ஒரே அறைக்குள்ள இருக்கிறவனுக்கு 5, மாட்டுக் கொட்டிலடியில நிக்கிறவனுக்கு 2.4. அந்த 2.4ல ஊரே நிக்குது எண்டா, 1, 6, 11 எண்டு மூண்டு சனல் ஒண்டோட ஒண்டு முட்டாமக் கிடக்கு. பக்கத்து வீட்டான் எதில நிக்கிறான் எண்டு போனில பார்த்திட்டு, வேற ஒண்டில நில். பக்கத்து வீட்டோட வேலிக்குச் சண்டை பிடிச்சது காணும், சனலுக்கும் வேணாம்.

தகரம், பிரிட்ஜ், கண்ணாடி பூட்டின இரும்பு அலுமாரி, தண்ணித் தாங்கி இதுகளுக்குப் பின்னால வைக்காத. மைக்ரோவேவ் அடுப்புக்குப் பக்கத்தில வைக்கவே வைக்காத, அதுவும் 2.4ஐத்தான் ஊதுது. சாமியறையிலயும் வேணாம். போன வருசம் உன்ட சின்னம்மா ரவுட்டருக்குச் சந்தனப் பொட்டு வச்சு, பூ வச்சு, சாம்பிராணியும் காட்டினா. காத்துப்போற துவாரமெல்லாம் அடைஞ்சு, சூட்டில அது பத்து நிமிசத்துக்கு ஒருக்கா மயங்கி மயங்கி எழும்பிச்சு. அவ அதை உரு வந்திட்டு எண்டா.

நடுவீடு எண்டா எது? நீ எங்க எண்டு நினைக்கிறாய்? இந்தா, விறாந்தை வாசல் நிலைக்கு மேல ஒரு பலகை அடி. ஏன் எண்டு கேக்காத. உயரம், காத்தோட்டம், ரெண்டு பக்கமும் திறந்த இடம். வயசான ஆள் சொன்னாக் கேக்க வேணும்.

அடுத்தது பாஸ்வேர்ட். ரெண்டு பாஸ்வேர்ட் இருக்கு, ஊரில பாதிப் பேருக்கு ஒண்டுதான் தெரியும். வைஃபைக்கு ஒண்டு. பெட்டிக்குள்ள போறதுக்கு ஒண்டு, அது வாங்கக்குள்ள அநேகமா அட்மின், அட்மின் எண்டு கிடக்கும். அதை மாத்தாம விட்டா, வீட்டுக்குள்ள வந்தவன் அலுமாரிச் சாவியையும் எடுத்த மாதிரி. முதல் அதை மாத்து. மறுகா டபிள்யூபிஏ 3 இருந்தா அதைப் போடு, பழைய போன் முறைச்சா டபிள்யூபிஏ 2. ஒரு பட்டன அமத்தினா ஆரும் உள்ளுக்கு வரலாம் எண்டு டபிள்யூபிஎஸ் ஒண்டு கிடக்கும், அதை நிப்பாட்டு. வாற போறவனுக்குக் "கெஸ்ட்" எண்டு தனியா ஒண்டு திறந்து விடு. விருந்தாளிக்கு விறாந்தையில பாய் போடுவம், குசினிக்குள்ள விடுவமா?

நாயிட பேர் வைக்காத. உன்ட நாய நீ கூப்பிடுற சத்தம் கொக்கட்டிச்சோலைச் சந்தி வரைக்கும் கேக்குது. பிறந்த வருசமும் வேணாம். நீளமா ஒரு வசனம் வை, வேற ஆரும் நினைக்காதது. இங்கிலீசு எழுத்தில, இடைவெளி இல்லாம. "மாமி வச்ச இறால் கறிக்கு உப்புக் காணா" எண்டு போடு. சிரிக்காத, அடி. மெல்லச் சொல்லு. இதை உடைக்க எந்தக் கம்பியூட்டராலயும் ஏலாது, வெளியில சொல்ல எனக்கும் தைரியம் வராது. ரெண்டு பக்கக் காவல்.

இடியப் பத்தியும் சொல்லிட வேணும். ஐப்பசி, கார்த்திகையில பின்னேரமானா வானம் உறுமத் தொடங்கும். அப்ப பிளக்கக் கழட்டு, சுவிட்ச நிப்பாட்டினாக் காணாது. முந்தி என்னட்ட டெலிபோன் கம்பிப் பெட்டி ஒண்டு இருந்தது. ஒரு நாள் நான் கரண்ட் வயரக் கழட்டிட்டன், டெலிபோன் வயர மறந்திட்டன். மின்னல் மறந்த வழியால வந்தது. "டப்" எண்டு ஒரு சத்தம், மறுகா கருகின மணம், பெட்டிக்குள்ள ஒரு கறுத்த பொட்டு. ஃபைபர்க் கண்ணாடி நூலால மின்னல் வராது எண்டு அந்த வீட்டுக்காரங்கள் சாய்மனைக் கதிரையில சாஞ்சு கிடக்கிறாங்கள். அவங்கட பெட்டியும் கரண்டிலதானே தொங்குது, அந்த வழியால வரும்.

கரண்ட் எண்டதும் 2022 நினைவு வருகுது. பங்குனிக் கடைசியில நாளுக்கு 13 மணித்தியாலம் வெட்டினாங்கள். மண்ணெண்ணெய் விளக்க மூட்டி வச்சுக்கொண்டு, டவர் வேலை செய்தும் ரவுட்டர் செத்துக்கிடக்க, போனத் தூக்கித் தூக்கிப் பார்த்தமே. அதுக்குப் பிறகுதான் மினி யூபிஎஸ் எண்டு செங்கல்லில பாதியளவு ஒரு பற்றரிப் பெட்டி கடை கடையா வந்தது. வாங்கு, நல்ல சாமான். ஆனா ரவுட்டர் அடியில 12 வோல்ட்டா 9 வோல்ட்டா எண்டு வாசிச்சிட்டு வாங்கு, அம்பியரும் பார். சும்மா பிளக் பொருந்துது எண்டு 9க்கு 12ஐக் குத்தினா, இடி வர முன்னமே வேலை முடிஞ்சிரும்.

யாழ்ப்பாணத்தார் நம்மளப் பத்தி ஒரு கதை சொல்லுவாங்கள், மட்டக்களப்புக்குப் போனா வந்தவனப் பாயோட ஒட்ட வச்சிருவாங்கள் எண்டு. மந்திரம், மாயம், வசியம். ஆர் வந்து ஆர் ஒட்டினது, நான் காணல்ல. இப்ப பாரன், நடுச்சாமத்துக்குப் பிறகு டேட்டா கூடக் கிடைக்குது எண்டு உன்ட தம்பி விடியுமட்டும் பாயோட ஒட்டிக் கிடக்கிறான். விடியச் சூரியன் வந்து தட்டினாலும் கழறான் இல்ல. வாவியில ராவில வலை போடுறவன் எண்டாலும் விடிய மீனோட வருவான்.

சரி, பலகை அடிச்சிட்டியா? கொம்ப நிமித்து. கேபிளக் குத்து. ஒரு பச்சை லைட் வரும், மறுகா இன்னொண்டு. பொறு, அவசரப்படாத, விதானை வாய்க்கால் சுத்தி வர ரெண்டு நிமிசம் எடுக்கும். வந்திட்டா? என்ட போனத் தா. சாய்மனைக் கதிரைய இஞ்சால இழு, இன்னும் கொஞ்சம், பலகைக்கு நேர கீழ. ஆ. நாலு கோடும் நிறைய நிக்குது. வடமோடிக் கூத்து ஒண்டு, முழு ராவும் ஆடினது, ஆரோ வீடியோ எடுத்துப் போட்டிருக்கிறான். மூண்டு மாசமா வட்டம் சுத்திச் சுத்தி நிண்டது. இப்ப பார், அண்ணாவியார்ட மத்தளம் கணீர் எண்டு கேக்குது.

என்ன சிரிக்கிறாய்? நடுவீடு எண்டு நான் காட்டின இடமும் என்ட கதிரையும் ஒரே இடத்தில வந்தது தற்செயல் மனே. வீட்ட அளந்து பாத்தியா என்ன?

இஞ்சேருங்க, ஏன் கரண்டியோட வாறீங்க? என்னது, அளந்தா நடுவீடு குசினியா? நாப்பது வருசம் நடந்து பார்த்த கணக்கா? அதுசரி, வீடு உங்கட சீதனம், நீங்க சொன்னா நடுவீடு எங்க எண்டாலும் நடுவீடுதான். இல்ல இல்ல, குசினிக்கும் சிக்னல் வரும், 2.4 மாட்டு வண்டி மாதிரி வந்து சேரும், மருமகனக் கேளுங்க. போனக் கொண்டாங்க, இப்பயே பூட்டித் தருவான்.

பாஸ்வேர்ட்டா?

மருமகன், நீயே மாமிக்குச் சொல்லு. நான் மாட்டுக்கு வைக்கல் போட்டிட்டு வாறன்.